நீ மூச்சு எடுக்கும் நேரத்துக்கு ஒரு பெடல்

போன சனிக்கிழமை காலையில் கழக்கூட்டம் அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்குப் போயிருந்தேன். எங்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மறந்து வைத்த குடையை எடுக்கத்தான் போனேன். மேசை, தடுப்பு, தரைவிரிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் தரையும் கண்ணாடியும்தான் மிச்சம். தூசி தொண்டையில் ஏறி ஒரு தடவை இருமினேன். அந்த இருமல் உடனே அடங்கவில்லை. நாலு சுவரையும் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, பிறகு நின்றது. நான் என்னையறியாமல் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால், "இது கூடுதல் பிள்ளே, கொறைக்கணும்" என்று சொல்லியிருப்பாய்.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அன்று குடையோடு படியிறங்கும்போதே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த மாடியில்தான் நாம் முதலில் பேசிக்கொண்டோம். உனக்குச் சொந்த ஊர் பாறசாலை, நேமத்தில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாய். நான் கரமனைத் தெரு. சாப்பாட்டு நேரத்தில் நீ ஏதோ பாடிக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தாய். நான் மேசையில் விரலால் தாளம் போட்டேன். "நீ வாசிப்பியா?" என்று கேட்டாய். எலக்ட்ரிக் கிடார் என்றதும் என் மூக்குத்தியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "அக்ரகாரத்துல கரண்டு கிடாரா!" அந்த மாதமே உன் அத்தை வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, சனிக்கிழமைதோறும் நாம் சேர்ந்து பாட ஆரம்பித்தோம். உங்கள் பக்கத்தில் பாட்டைப் 'பாட' மாட்டார்கள், 'படிப்பார்கள்' என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

உன் குரல் அப்போது எப்படி இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. அது உனக்குப் பிடிக்காது. "பழைய சத்தத்தைப் பத்தி பேசாத" என்று ஒரு நாள் கடுமையாகவே சொல்லியிருக்கிறாய்.

கழுத்தில் கட்டி என்று அறுவை செய்தார்கள். குரல் நரம்புக்கு ஒட்டி இருக்கிறது, எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நடந்துவிட்டது. கண் விழித்து நீ பேசியபோது காற்றுதான் வந்தது. ஆறு மாதம் பயிற்சிக்குப் போனாய். பாதிக் குரல் திரும்பியது. மெலிந்த, ஓரம் கிழிந்த குரல். மேல் ஸ்வரங்கள் போயேவிட்டன. எல்லாவற்றையும்விட மோசம், மூச்சு ஒழுகியது. ஒரே மூச்சில் முடித்த அடிக்கு இப்போது மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

உங்கள் தமிழ்ச் சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை தொடங்கியபோது, பாடகர் குழுவை நடத்திய மாஸ்டர் உன் தலையில் கைவைத்து, "ரெஸ்ட் எடு மக்ளே, அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றாராம். அன்பாகத்தான் சொன்னார். நீ அன்று மாலையே என்னைத் தேடி வந்தாய்.

"நான் தனியா ஒரு பாட்டு படிக்கப் போறேன். சபை அச்சன்கிட்ட கேட்டாச்சு. உனக்க கிடார் மட்டும் போரும்."

"எந்தப் பாட்டுடி?"

"தாலாட்டு மாதிரி வருமே, அந்தப் பொறப்புப் பாட்டு. கீழ சுருதியில."

முதல் ஒத்திகையிலேயே சிக்கல் தெரிந்தது. என் கிடாரின் ஒலி காய்ந்த குச்சி மாதிரி இருந்தது. தட்டியதும் முடிந்துவிடும். நீ மூச்சுக்காக நிறுத்தும் இடத்தில் அதுவும் நின்றுவிடும். அந்த இடைவெளியில் தகரத்தின் மேல் அணில் ஓடுவதுகூடக் கேட்டது. பாட்டு ஒவ்வொரு அடியிலும் செத்துச் செத்துப் பிழைத்தது. ரிவெர்ப் பெடல் ஒன்று வாங்க வேண்டும் என்று சொன்னேன். பெரிய கூடத்தில் பாடினால் ஒலி கொஞ்ச நேரம் தங்கி நிற்குமே, அந்தத் தங்கலைச் சின்ன அறையிலும் கொடுக்கிற பெட்டி, காலால் மிதித்தால் வேலை செய்யும் என்று விளக்கினேன். நீ கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எவ்வளவு நேரம் தங்கும்?" என்று அதை மட்டும் கேட்டாய். எனக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியவில்லை.

புளிமூடு பக்கம், மாடியிலிருந்த இசைக்கருவிக் கடை. கடைக்காரரிடம் அப்போது மூன்று பெடல்கள் இருந்தன. முதலாவது தகர டப்பாவுக்குள் ஸ்பிரிங் அதிர்வதுபோல ஒலித்தது. "சவம், பாட்டைக் கெணத்துல போட்ட மாதிரி கேக்கு" என்றாய். கடைக்காரருக்குத் தமிழ் தெரியும்; விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது, யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அகலமான நீலப் பெட்டி, ஏகப்பட்ட குமிழ்கள். அதை மிதித்து, தந்திகளை ஒன்றாக மீட்டி ஒரு கார்டு போட்டேன். கடை மறைந்து, எங்கோ ஒரு பேராலயத்தின் நடுவில் நிற்பதுபோல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் வாங்கப்போகிறேன் என்று அந்த நொடியே தீர்மானித்தேன்.

"நீ பாடுடி."

முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அந்தக் குரலோடு நீ பாடியது அதுதான் முதல் தடவை. தழும்பு தெரியாமல் கட்டியிருந்த கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாய். இரண்டு அடி பாடினாய். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "நந்நாயிட்டுண்டு மோளே" என்றார். நான் துள்ளினேன். "எவ்வளவு நன்னா இருக்கு பாத்தியா? ஒரு எடத்துலகூடக் கொரல் ஒடையறது தெரியல!"

நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

"தெரியல்ல. எனக்க சத்தமே தெரியல்ல."

"அதாண்டி வேணும். பின்னாடி இவ்வளவு பெருசா இருந்தா யாரும் கவனிக்கமாட்டா."

"ஓ" என்றாய். கடைக்காரர் மூன்றாவது பெடலை எடுத்தார். சாம்பல் நிறம், மூன்றே குமிழ்கள், சோப்புக்கட்டி அளவு. நான் அதை மாட்டி மீட்ட, ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதற்கான முதல் குமிழை நீ திருகிப் பார்த்தாய். "இது போரும்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. "இது ஒண்ணுமே இல்லடி, பாத்ரூம்ல பாடற மாதிரி இருக்கு. வாசிக்கப்போறது நான். கிடார் என்னோடது" என்றேன்.

"பாட்டு எனக்கதாக்கும்" என்று சொல்லிவிட்டு நீ படியிறங்கிப் போய்விட்டாய்.

எதுவும் வாங்காமல் பின்னாலேயே ஓடி வந்தேன். நேமம் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தோம். தம்பானூர் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாய். அப்போதெல்லாம் மெதுவாகத்தான் உன்னால் பேச முடியும், பஸ் இரைச்சலில் நான் குனிந்து கேட்டேன்.

"எனக்க கழுத்து கீறினது அங்க எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு கொண்டு வந்தவங்கதான் முன்னால இருப்பாங்க. அவங்கள்ட்ட எதைப் பிள்ளே மறைக்க? ஒடஞ்சா ஒடையட்டும். நீ எனக்க சத்தத்தை மூடாண்டாம். நான் மூச்சு எடுக்குத நேரம் மட்டும் பாட்டைப் பிடிச்சுக்க. அது போரும்."

"நான் உனக்கு நல்லதுதானேடி நெனச்சேன்."

"மாஸ்டரும் நல்லதுதான் நெனச்சாரு."

கரமனை வந்ததும், வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். ஆற்றுப் பாலம்வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கோபம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெட்கம் என்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தெரிந்தது. கிடார் பையிலிருந்து நீ எழுதிக்கொடுத்திருந்த பாட்டுத் தாளை எடுத்தேன். அதில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். ஏதோ அடையாளம் என்று அதுவரை நான் கவனிக்கவே இல்லை. நீ மூச்சு எடுக்கும் இடங்கள் அவை. ஒவ்வொரு கோட்டின் மேலும் எத்தனை எண்ணிக்கை என்றும் குறித்திருந்தாய். சில இடத்தில் இரண்டு, ஒரே ஒரு இடத்தில் மூன்று. கடையில் அந்தக் குமிழைத் திருகியபோது நீ மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய்.

மறுநாள் தாளோடு தனியாகக் கடைக்குப் போனேன். "இந்நலெ வழக்கிட்டு போயதல்லே?" என்று கடைக்காரர் கேட்டார், நேற்று சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள்தானே என்று. ஆமாம் என்றேன். சாம்பல் பெடலை மாட்டி, ஒரு கார்டு போட்டு, கோடு வந்த இடத்திலெல்லாம் நானே மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒலி நீளமாக இருந்தால் அடுத்த சொல்லின் மேல் ஏறியது. குறைந்தால் பள்ளம் விழுந்தது. இரண்டு எண்ணும்வரை நின்று, குரல் திரும்பி வரும் நேரத்தில் வழிவிட வேண்டும். முக்கால் மணி நேரம் திருகினேன். அவர் பொறுமையாக இருந்தார். அதையே வாங்கினேன். நீலப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், பார்த்தேன்.

அடுத்த மூன்று வாரம் நாம் ஒரு நாள்கூட விடவில்லை. இரண்டாவது வாரம் நீ கழுத்துத் துணியைக் கட்டுவதை நிறுத்திவிட்டாய். நான் கேட்கவில்லை. "சூடு" என்று நீயே சொன்னாய்.

நிகழ்ச்சி அன்று மாலை நாலு மணிக்குச் சபைக் கூடத்தில் ஒலி சரிபார்த்தோம். காலிக் கூடம். நான் ஒரு கார்டு போட்டதும் எல்லாம் குழம்பிக் கூழாகிவிட்டது. பயந்துபோய் உன்னைப் பார்த்தேன். நீ சிரித்தாய். "இந்த ஹாலே ஒரு பெடலுல்லா! அதைக் கொறை. ஆளு வந்து நெறஞ்சா சத்தத்தை அவங்க குடிச்சிருவாங்க, அப்போ கூட்டிக்கிடலாம்." அப்படியே ஆயிற்று. பெஞ்சுகள் நிறைந்தன; கூடத்தின் முழக்கம் அடங்கிவிட்டது. மேடையில் நின்று நீ என்னைப் பார்த்து விரலை லேசாக மேலே தூக்கினாய். நான் குனிந்து குமிழைத் திருப்பினேன்.

முதல் சரணத்தை அப்படியே கொண்டுபோனாய். உன் மூச்சு மைக்கில் கேட்டது. அதை மறைக்க நீ முகத்தைத் திருப்பவும் இல்லை. மூன்றாவது சரணத்தில், அந்த மூன்று எண்ணிக்கை இடத்துக்குச் சற்று முன்னால், குரல் உடைந்தது. கிழிந்து, ஒலியே இல்லாமல் போயிற்று. முன்வரிசையில் உன் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சத்தமாக ஏதாவது வாசித்து அந்த இடத்தை நிரப்பிவிட வேண்டும்போல இருந்தது. கை தன்னால் எழுந்தது. நீ என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையசைத்தாய். நான் போட்டிருந்த கார்டு மட்டும் காற்றில் நின்றது. நீ தோள் ஏறி இறங்க ஒரு முழு மூச்சு எடுத்தாய். அந்த அடியை முதலிலிருந்து மறுபடி பாடினாய். இந்த முறை தாண்டிவிட்டாய்.

முடிந்த பிறகு மாஸ்டர் மேடைக்கே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மக்ளே, கீழ்க்குரல்ல ஒரு எடம் இருக்கு" என்றார்.

"ஞாயித்துக்கெழம வாறேன் மாஸ்டர். பின்னால நிக்கமாட்டேன், முன்னாலதான்."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ முன்னால்தான் நின்றாய். நாலு வருஷம் நின்றாய். கல்யாணமாகி மஸ்கட் போனபிறகும் அங்கே ஒரு சபையில் பாடிக்கொண்டிருந்தாய். காய்ச்சல் என்று ஐந்து நாள் படுத்தாய், ஆறாம் நாள் இல்லை என்று உன் தம்பி போனில் சொன்னான். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடையில் சொன்ன வார்த்தைக்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. பெடலை எடுத்துக் காட்டியபோது நீ என் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாய். அதோடு முடிந்துவிட்டது என்று இருவரும் எடுத்துக்கொண்டோம். இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆடியில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பேச்சு மட்டும் துண்டு துண்டாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு எழுத்தைச் சொன்னதும் அம்மாவும் அண்ணாவும் மீதியைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர் கஷ்டப்படக் கூடாதே என்கிற பாசம். தினமும் பிற்பகலில் அவர் "கா... கா..." என்பார். உடனே காப்பி வரும். அவர் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அப்பாவுக்கு இப்பல்லாம் கோபம் ஜாஸ்தியாயிடுத்து" என்பார் அண்ணா.

முந்தாநாள் நான் வீட்டில் இருந்தேன். "கா..." என்றார். அம்மா அடுக்களைக்குத் திரும்பினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இரும்மா. அப்பா சொல்லி முடிக்கட்டும்."

"பாவம்டி, எவ்வளவு செரமப்படறார் பாரு."

"படட்டும். நான் இருக்கேன்."

அப்பா என்னைப் பார்த்தார். உதடு கோணியது, எச்சில் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட நான் கையை எடுக்கவில்லை. எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய இடது கையை மட்டும் என் கைக்குள் வைத்துக்கொண்டு, அவருக்கு வேண்டிய அளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"கா...த்து" என்றார். பிறகு, இன்னும் நெடுநேரம் கழித்து, "ஜன்னல்."

அம்மா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார்.