பௌஸி வராத சனிக்கிழமை

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நிருஷாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், மெல்பேர்ண் குளிரில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே மழை, லிஃப்ட் இரண்டு மாதமாகத் திரும்பவும் பழுது. அப்படியிருந்தும் போன மாதம் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூன்று மாடி ஏறி வந்தார், பெயர் சஜீத், பழைய பங்க் இசை பாண்டுகளைப் பற்றிப் பதிவு செய்கிறாராம். கொட்டாஞ்சேனையில் ட்ரம்ஸ் அடித்த நேசமலர் நீங்கள்தானா என்று கேட்டார், அந்தக் கேள்வியை முன்பு கேட்டது பொலிஸ். அடையாள அட்டையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டேன், தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிறகு எங்கள் பாட்டுக்காரி நதீஷாவுக்குப் போன் எடுத்து விசாரித்தால், நல்ல மனிதர்தான், உன் விலாசத்தைக் கொடுத்தது பௌஸி என்றாள். என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

கல்யாணம் முடித்ததால் பாண்டை விட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். நாங்கள் மூன்று பேர், கிற்றார் பௌஸி. ஒரு டயர்க் கடையின் பின்னறையில் வாசித்துப் பழகினோம், ஒருவருக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது, ஆனால் சிங்களத்திலும் தமிழிலும் கத்தும்போது சோதனைச் சாவடிகளில் அடக்கிவைத்த குரலெல்லாம் வெளியே வரும். ஐந்து வருடம் வீட்டாரைவிட அவர்கள் இருவரையும்தான் நம்பினேன். தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை தெமட்டகொடை மண்டபத்துக்குப் பௌஸி வரவில்லை. அவன் இல்லாமலே தொடங்கினோம், இரண்டாவது பாட்டுக்கு நடுவில் பொலிஸ் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டு, புலிச் சந்தேகத்தில் என்னை ஏற்றிப் போனது. பதினொரு நாள் உள்ளே இருந்தேன். காட்டிக்கொடுத்தது அவன்தான் என்று இருபத்தேழு வருடம் அவனோடு கதைக்கவில்லை.

போன ஞாயிறு அப்பாவுக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வத்தளைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். சீனி வருத்தத்தில், அந்த நீரிழிவில், ஆள் பாதியாகிவிட்டான். அவன் மனைவி மர்லியா வைத்த தேத்தண்ணீரைத் தொடாமல் நேரே கேட்டேன். "நான் ஒண்டும் சொல்லல்ல நேசா. ஆனா பொலிஸ் வாற கதை எனக்குக் காலையிலயே தெரியும். பயத்துல வீட்டுலயே இருந்துட்டன்" என்றான். பொய் சொல்ல நினைத்திருந்தால் இதைவிட நல்ல பொய் சொல்லியிருப்பான் என்றுதான் எனக்குப் பட்டது. அப்படியென்றால் சொன்னது யார்? பஸ்ஸில் வரும்போது நதீஷாவைக்கூட நினைத்தேன், பிறகு என்னையே ஏசிக்கொண்டேன். சஜீத்தின் பதிவுக்கு மூவரும் ஒருமுறை சேர்ந்து வாசிப்போமா என்று பௌஸி கேட்டான். நான் பின்னால் இருந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டே அடிப்பேன், பரவாயில்லையா என்றேன். ஓம் என்றான். மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

மகள், உன்னோடு வேலை செய்கிற துஷாந்தினி உன்னைப் பற்றி மேலதிகாரியிடம் ஏதோ சொல்லிவிட்டாள் என்று அவளோடு கதைப்பதை நிறுத்தியிருக்கிறாய். அவள் சொல்லியும் இருக்கலாம். இந்தக் கிழமை முடிவதற்குள் அவளிடம் நேரே கேள், நம்புவதா இல்லையா என்பதைப் பிறகு முடிவு செய். ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார், நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன் அன்பு அம்மா,
நேசமலர்