பூமணி சொன்ன ஒழுங்கைகள்

மாசி 16, திங்கள்

நடந்த அநியாயத்தை முதலில் எழுதி வைக்கிறேன். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் என்று சொல்லி என் மனைவி பூமணியைக் கனடாவுக்குக் கூட்டிப்போன மகன், இரண்டரை வருஷமாகியும் திருப்பி அனுப்பவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

காற்று. குறிகட்டுவானில் படகு தாமதம். நெடுந்தீவுக்கு வந்தது பூமணியின் தமக்கை வீட்டுக் கூரையைத் திருத்த. எங்கள் ஊர் வேலணையிலிருந்து ஒரு மேசனையும் கூட்டி வந்தேன். என் வயதுதான், தலையும் என்னைப் போலவே வெள்ளை. தமக்கைக்கு, என் மச்சாளுக்கு, காது கேட்காது.

ஓட்டச் சப்பாத்தும் கொண்டுவந்திருக்கிறேன். பத்து நாள் ஓடாமல் இருக்க முடியாது. வேலணையில் மண்கும்பான் வரை ஓடும்போது பூமணி பின்னால் சைக்கிளில் வருவாள், நாய்களுக்கு ஒரு தடியோடு. ஏழு வருஷம் அப்படி. இங்கே எந்தச் சந்தும் ஒழுங்கையும் தெரியாது. இருபுறமும் கடல் முருகைக்கல் மதில். எல்லாம் ஒரே மாதிரி.

மாசி 17, செவ்வாய்

குளிர். ஓடவில்லை. தெரியாத இடத்தில் தனியாக ஓடுவதற்கு விதிகள், நானே வகுத்தவை:

வெளிச்சம் வந்த பிறகு மட்டும்.
வாகனம் எதிரே வரும் பக்கமாக.
இங்கே திரிகிற குதிரைகளுக்குப் பின்புறமாகப் போகக்கூடாது (மச்சாள் சொன்னது).
எந்த வழி என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.
சட்டைப் பையில் துண்டு: பெயர், அறிவிக்க வேண்டியவர்.

அறிவிக்க வேண்டியவர்: மனைவி. ஊர்: கனடா. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசன் இரண்டு வரிசை ஓடு கழற்றினார்.

மாசி 18, புதன்

வழியை யாரிடம் சொல்வது? மச்சாளிடம் சொன்னால் ஊருக்கே கேட்கும், அவவுக்குக் கேட்காது. பூமணிக்குப் போன் எடுத்தேன். இங்கே காலை ஆறு, அங்கே இரவு ஏழரை.

“தனிய ஓடப் போறியளோ? விசரே உங்களுக்கு?”

“அப்ப நீ வந்து சைக்கிள் ஓடு.”

“போனை வையாதேங்கோ. நான் வழி சொல்லுறன். அது நான் பிறந்த ஊர்.”

சொன்னாள். கிணற்றடியில் இடக்கை. பூவரசு வந்தால் வலக்கை. பூவரசு இல்லை, அடிக்கட்டை மட்டும் இருந்தது. “தறிச்சுப்போட்டாங்களோ?” என்றாள். அதற்குப் பிறகு வழிக்கு மட்டும்தான் பேச்சு. என் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் கோப்பை கழுவும் சத்தம் எனக்குக் கேட்டது.

மூன்று மைல் ஓடியிருப்பேன். இரண்டரை வருஷத்தில் நல்ல காலை இதுதான்.

மாசி 19, வியாழன்

விழுந்தேன். வலது கணுக்கால்.

கடற்கரை ரோட்டுக்குப் போகிற ஒழுங்கை என்று பூமணி சொன்ன இடத்தில் கல்லடுக்கி அடைத்திருந்தார்கள். காணிக்காரர் வெளிநாடாம். “திரும்பி வாங்கோ,” என்றாள். “ஏன் திரும்ப வேணும்? வழி வழிதான்,” என்று மதிலில் ஏறினேன். கல் உருண்டது. போன் கல்லிடுக்குக்குள் போய்விட்டது. முதலில் “இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ” என்று கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஒன்றரை மணித்தியாலம் அங்கேயே இருந்தேன். ஒரு மனிதரும் வரவில்லை. ஒரு குதிரை வந்து பார்த்துவிட்டுப் போனது. சட்டைப் பையில் துண்டு இருந்தது. எடுத்துப் பார்க்க ஆள் வேண்டுமே.

பிறகு சந்திக் கடைக்காரர் ஆட்டோவோடு வந்து போனையும் எடுத்துத் தந்தார். “அண்ணை, அக்கா கனடாவிலை இருந்து வழி சொன்னவா,” என்றார்.

மாசி 20, வெள்ளி

வெயில். கால் வீக்கம். முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கடைக்காரர் பார்க்க வந்தார். நேற்று நடந்ததை அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

பூமணி தனக்கு நம்பர் தெரிந்த அந்தக் கடைக்குப் போன் எடுத்திருக்கிறாள். “எங்கடை அவர் ஓடேக்கை விழுந்திட்டார். ஒருக்கால் போய்ப் பாருங்கோ.”

“எவர், அக்கா?”

“அவர்தான். வேலணையிலை இருந்து வந்தவர். அக்கா வீட்டிலை நிக்கிறவர். தலை நரைச்சவர்.”

“ஓ, அவரோ! அவர் விழேல்லை அக்கா. இஞ்சைதான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறார். ரெண்டாவது வடையும் எடுத்திட்டார்.”

“நான் இஞ்சை அழுதுகொண்டு நிக்கிறன், அவருக்கு வடையோ! குடுங்கோ போனை!”

மேசன் போனை வாங்கி, “ஆர் பிள்ளை நீங்கள்?” என்றாராம். பூமணி ஏசிய ஏச்சில் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

“பேரைச் சொல்லுங்கோ அக்கா,” என்று கடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். கடைசியில் சொல்லியிருக்கிறாள். என் பெயரை. முழுவதும், தகப்பன் பெயரோடு.

நாற்பத்தொரு வருஷத்தில் அவள் வாயால் அது வந்ததில்லை. கிராம அலுவலர், எங்கள் விதானையார், வீட்டுக்கு வந்து பெயர் பதிந்தபோதும் அலுமாரியில் இருந்த அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாளே தவிரச் சொல்லவில்லை. சொன்னதைக் கேட்டவர்கள் ஒரு கடைக்காரரும் வடை தின்ற மேசனும்.

“எப்பிடிச் சொன்னவா?” என்று கேட்டேன்.

“கத்தித்தான் சொன்னவா அண்ணை.”

மாசி 21, சனி

மகன் போன். “அப்பா, இனி ஓட வேண்டாம். அம்மாக்கு அண்டைக்குப் பிரஷர் ஏறிட்டுது. நீங்கள் இஞ்சை வாங்கோ. ஓடுற மெசின் கிடக்கு, வீட்டுக்குள்ளையே ஓடலாம்.”

“ஓடியும் உன்ரை வீட்டுக்குள்ளையே நிக்கிறதோ? கொம்மா அதைத்தானே செய்யிறா.”

அவன் போனைத் தாயிடம் கொடுத்தான்.

“ஒருக்கால் சொல்லு,” என்றேன்.

“என்னத்தை?”

“கடைக்காரருக்குச் சொன்னதை.”

“போங்கோ. பிள்ளையள் நிக்குதுகள்.” சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. பிறகு மெதுவாக, “அண்டைக்கு உங்கடை சத்தம் நிண்டாப் போலை எனக்கு இஞ்சை இருக்க ஏலாமல் போச்சு,” என்றாள். “அப்ப வா,” என்றேன். “அவன் என்ன சொல்லுவானோ,” என்றாள்.

ஆகவே, செய்ய வேண்டியவை:

நான்: வீக்கம் வற்றும்வரை ஓடக்கூடாது. அடைத்த ஒழுங்கையில் ஏறக்கூடாது, திரும்ப வேண்டும்.
மேசன்: மழைக்கு முன் கூரையை முடிக்க வேண்டும். வடை குறைக்க வேண்டும்.
மருமகள்: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஒழுங்கு செய்ய வேண்டும். சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான்.
மகன்: பயணச்சீட்டு. ஒரு வழி போதும். தாயிடம் தேதி மட்டும் கேட்க வேண்டும், காரணம் கேட்கக்கூடாது.
பூமணி: போகிறேன் என்று மகனிடம் அவளே சொல்ல வேண்டும். எனக்காக என்று சொல்ல வெட்கமென்றால் தமக்கைக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லட்டும். ஆனால் அவளே சொல்ல வேண்டும். அடுத்த சனிக்குள்.