எட்டுச் சொட்டு

1957 ஆகஸ்ட் 19, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஊசியும் சிரிஞ்சும் பத்து நிமிடம் கொதித்தன. இன்சுலின் குப்பி கோப்பிக் கடை முதலாளி தவுக்கேயின் ஐஸ் பெட்டியில், சோடாப் போத்தல்களுக்கு நடுவில். போய் எடுத்து வந்தேன். இன்று இடது தொடை.

சோதனை வழக்கம்போல். நீல மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் ஐந்து நிமிடம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. சர்க்கரை கூடக் கூடப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல். எனக்கு மஞ்சள்.

தபால் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் உடல் பரிசோதனை. சிறுநீரை வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுவர வேண்டும். சர்க்கரை தெரிந்தால் இடம் போய்விடும்.

மகிழ்ச்சி வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு துணி துவைத்தேன்.

ஆக. 20

அம்மாவின் யோசனை: தங்கை வள்ளியுடையதைக் கொண்டுபோவது.

"போத்தல்ல உன் பேரு இருந்தா உன்னோடதுதான். மோந்தா பாக்கப் போறாங்க?"

அப்பா பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார்.

வள்ளிக்குப் பதினான்கு வயது. சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. "எனக்கு முன்னாடி என் மூத்திரம் டீச்சராயிரும்லா."

சரி என்றேன். வெட்கம் வரவில்லை. பயமும் இல்லை.

போத்தல் கழுவிக் காயவைத்தேன். பெயர்ச்சீட்டு ஒட்டினேன்.

ஆக. 21

காஜா பேராங் தெருக் கடைகளில் சுதந்திர நாளுக்குக் கொடி கட்டத் தொடங்கிவிட்டார்கள். வள்ளி பள்ளியின் சுதந்திர நாள் அணிவகுப்பில் இருக்கிறாள். தினமும் பயிற்சி. வந்ததும் நான்கு குவளைத் தண்ணீர், நின்றபடியே.

"பாடாங் திடல்ல வெயில்ல நிக்க வச்சே கொல்றாங்கக்கா."

பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஊக்கு குத்திவிட்டாள். "நடந்து நடந்தே எலும்பாயிட்டா."

நூலகப் புத்தகம் முடிந்தது. ஒன்றும் நினைவில்லை.

ஆக. 22, வியாழன்

நாளைய பரிசோதனைக்கு ஒத்திகையாக வள்ளியுடையதில் எட்டுச் சொட்டு எடுத்துச் சோதித்தேன். என் பெயரில் ஒரு நீலம் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன்.

ஆரஞ்சு.

சோதனைக் குழாயில் என்னுடையது ஒட்டியிருக்கும். தேய்த்துக் கழுவி மறுபடி. ஆரஞ்சு. புதிய குழாய். செங்கல்.

கதவுக்கு வெளியே வள்ளி. "நீலமாக்கா?"

தாகம். ஊக்கு குத்திய பாவாடை. எனக்குப் பதின்மூன்றில் வந்தது இப்படித்தான். இந்த நோயைப் பற்றி மூன்று புத்தகம் வாசித்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே இருந்தாள். "அப்போ கிளேபாங்ல இருக்கற சித்தி மவகிட்ட கேப்போமா?"

பிறகு அரிசியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

ஆக. 23, வெள்ளி

மழை. போத்தலில் என் பெயரை அடித்துவிட்டு வள்ளி என்று எழுதினேன். இருவரும் ஒரே குடையில் ஆஸ்பத்திரிக்கு. வெளிநோயாளர் வரிசை நீளம்.

"ஊசி வலிக்குமாக்கா?"

"பழகிரும்."

"அணிவகுப்புக்கு விடுவாங்களா?"

எதிர் வராந்தாவில் ஆசிரியர் பரிசோதனைக்குப் பெயர் வாசித்தார்கள். என் பெயர். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி.

"அக்கா, உன்னத்தான்."

"தெரியும். போத்தல நேரா பிடி."

தவுக்கேயிடம் கேட்க வேண்டும்: ஐஸ் பெட்டியில் இன்னொரு குப்பிக்கு இடம்.