அசையாத முக்காலி

ஆவணி 3, புதன்

காலையில் மேகமூட்டம். பத்து மணிக்குமேல் சுள்ளென்ற வெயில். பின்கட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் வண்ணத்துப்பூச்சி முட்டை ஒன்று, இலையின் அடிப்புறத்தில். கடுகைவிடச் சிறியது. வெளிர்மஞ்சள். கேமராவைக் கையில் பிடித்து எட்டுப் படங்கள். எட்டும் கலங்கல். சென்ற ஆண்டு இதே லென்சில், கையில் பிடித்தே, எறும்பின் கண்ணைத் தெளிவாக எடுத்தவன் நான்.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விசாலம் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னாங்க இது, பனிக்குள்ள எடுத்தா மாதிரி இருக்குது?"

"காத்து."

"காத்து எங்க அடிச்சுது? உங்க கை ஆடுதுங்க. காலைல காபி டம்ளர் டபராவுல கடகடன்னு அடிச்சுது. உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வேலூர்ல ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

அண்ணன் கடைசிக் காலத்தில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள இயலாதவராக இருந்தார். அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன். எடைக்கற்களையும் அளவுகோல்களையும் சரிபார்த்து முத்திரையிடும் அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்த கை இது. சான்றில்லாமல் எதையும் ஒப்புக்கொள்வதற்கில்லை.

தேவை: கேமராவுக்கு முக்காலி.

ஆவணி 5, வெள்ளி

வேலூர். கண்ணமங்கலத்தில் பேருந்து வெகுநேரம் நின்றது. காரணம் கேட்டேன், நடத்துநர் இறங்கித் தேநீர்க் கடைக்குப் போனார்.

கேமராக் கடை. கடைக்காரர் நடுவயதினர், காதிடுக்கில் பென்சில்.

"கல்யாணத்துக்கா சார்?"

"பூச்சி முட்டைக்கு."

சிரிக்கவில்லை. அது பிடித்தது. "அப்படின்னா இந்த நடுத்தண்டு வச்ச ட்ரைபாட் வாணாம் சார். தண்டை மேல தூக்கினா கொடிக்கம்பம் மாதிரி ஆடும். இதப் பாருங்க. காலு மூணும் விரிஞ்சு தரையோட படுத்துக்கும். செடிக்கு அடியில நுழையும்."

அவர் காட்டியது இரும்புக் கட்டில் கனம். பேருந்தில் தூக்கி வருவது யார்? இலேசான அலுமினிய முக்காலியை, நடுத்தண்டு உட்பட, வாங்கி வந்தேன். திரும்பும்போது சேவூர்வரை நின்றுகொண்டே பயணம்.

ஆவணி 6, சனி

(நேற்றைய தலைப்பில் தேதியை 4 என எழுதியிருந்தேன். திருத்திவிட்டேன்.)

முக்காலியில் கேமராவைப் பொருத்தி, பொத்தானை அழுத்தியபின் பத்து விநாடி கழித்துத் தானே படமெடுக்கும்படி அமைத்தேன். இரண்டடி தள்ளி நின்றேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

கலங்கல்.

மகிழ்ச்சி. யாரும் தொடாத கேமராவும் கலங்கலாக எடுக்கிறதென்றால் குற்றம் கையினுடையது அன்று. விசாலத்தை அழைத்துக் காட்டினேன்.

"சரிங்க. அப்ப டம்ளர் ஆடுனது?"

"டபரா கோணல்."

டபராவை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தாள். அது ஆடவில்லை. எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவணி 8, திங்கள்

மழை. மின்தடை மாலைவரை. முதல் முட்டை பொரிந்துவிட்டது. புழு தளிர் இலையைத் தின்கிறது. கீழ்க்கிளையில் புதிதாக இரண்டு முட்டைகள்.

முக்காலியை ஆராய்ந்தேன். தண்டின் நுனியை விரலால் தட்டினால் வீணைத் தந்திபோல் நடுங்குகிறது. தலைப்பகுதியை இறுக்கியபின் கேமரா மூக்கு மெல்லக் கீழே சரிகிறது. முட்டையைக் குறிவைத்தால் படத்தில் காம்பு விழுகிறது. லென்சின் வளையத்தைத் திருப்பிக் குவியம் பிடிப்பதும் தோது இல்லை. மயிரிழை திருப்பினால் முட்டை மறைந்து பின்சுவர் தெரிகிறது.

கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஆவணி 9, செவ்வாய்

மீண்டும் வேலூர். "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல சார்?" என்றார். சொன்னார்தான். பழையதை எடுத்துக்கொண்டு கனமானதைக் கொடுத்தார். கூடவே ரெயில் ஒன்று: கேமராவுக்கு அடியில் பொருத்தும் சிறு தண்டவாளம். திருகைச் சுற்றினால் கேமரா முழுவதும் அணு அணுவாக முன்னே போகும், பின்னே வரும். லென்சைத் தொடவே வேண்டாம். ரெயில் மூன்று விதம் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் திருகையும் முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தேன். இரண்டில், திசை மாற்றும்போது திருகு சிறிது சும்மா சுழன்ற பிறகே கேமரா ஏறும் வண்டி நகர்ந்தது. மூன்றாவதில் அந்தத் தொய்வு இல்லை. அதையே எடுத்தேன்.

"எல்லாரும் கலரு பாத்து வாங்குறாங்க சார்" என்றார்.

ஆவணி 10, புதன்

வெயில். காற்று அறவே இல்லை. முக்காலியின் மூன்று கால்களும் விரிந்து தரையோடு. ஆடாமலிருக்க அடிக்கொக்கியில் கனத்துக்கு அரிசிப் பை. ரெயில். பத்து விநாடித் தாமதம்.

கலங்கல்.

உள்ளிருந்து விசாலம்: "அரிசிப் பையை எங்க வச்சீங்க? இட்லிக்கு ஊற வைக்கணும்னு வீடு பூரா தேடிகினு இருக்கேன்!"

திருகுகள் அனைத்தையும் அவிழ்த்து மறுபடி இறுக்கினேன். கலங்கல்.

ஆவணி 12, வெள்ளி. அமாவாசை

குளித்து, தர்ப்பணம் முடித்து, சாப்பாட்டுக்குப் பின் கேமரா. எதையும் மாற்றவில்லை.

தெளிவு! முட்டையின் மேல்தோலில் நுண்ணிய வரிகள்கூட. இலை நரம்பில் ஒட்டியிருந்த தூசி தனித்தனியாக. பன்னிரண்டு எடுத்தேன், பன்னிரண்டும் தெளிவு. ரெயில் பழகுவதற்கு இரண்டு நாள் பிடித்திருக்கிறது போலும்.

விசாலம் பார்த்துவிட்டு, "இது முட்டையா? ரவா லட்டு மாதிரி இருக்குது" என்றாள்.

ஆவணி 13, சனி

கலங்கல். அதே இடம், அதே வெளிச்சம், அதே அரிசிப் பை. பேஜார்.

தனம் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். பின்சுவருக்கு அந்தப்புறம் அவள் வீடு. சுவரை ஒட்டி, தரையில் குழி தோண்டிப் பதித்த கைத்தறி. கீழ்க்கிளையில் கை வைக்காதே என்று கத்திவிட்டேன்.

"இன்னா சார், ரெண்டு எல கேட்டா சொத்த எழுதிக் கேட்டா மாதிரி கத்துறீங்க?"

முட்டை இருக்கிறது, நேற்று நன்றாக வந்த படம் இன்று கெட்டுவிட்டது என்றேன்.

"நேத்து நல்லா வந்துச்சா? நேத்து அமாவாசை சார். தறி போடல."

சொல்லிவிட்டு இலையோடு போய்விட்டாள். சற்று நேரத்தில் தறி தொடங்கியது. முக்காலியின் அருகில் தண்ணீர் நிரம்பிய டம்ளர் ஒன்றை வைத்தேன். அவள் பலகையை அடிக்கும்தோறும் தண்ணீரில் வட்டம். அடி, வட்டம். அடி, வட்டம்.

இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இந்த வீட்டில் தினமும் பகல்தூக்கம் போடுகிறேன். வெளியூர்க்காரன் எவனாவது வந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே கேட்டிருப்பான், இதென்ன சத்தம் என்று. ஆரணிக்காரன் காதில் அது விழாது.

சுவரோரம் நின்று, கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"முகூர்த்தப் புடவை சார். வர வெள்ளிக்கிழமை அறுத்துக் குடுக்கணும். உங்க பூச்சிக்காக நான் குந்திகினு இருந்தா முதலாளி மாலை போட்டு அழைச்சிகினு போவாரா?" பிறகு, "தார் தீந்தா மாத்துறதுக்கு எப்படியும் நிறுத்துவேன். கூவுறேன். ஜல்தியா எடுத்துக்குங்க."

தார் என்பது தறியில் இங்குமங்கும் ஓடும் ஓடத்துக்குள் வைக்கும் நூல்குழல். அது தீரும்தோறும் தறி நிற்கும்.

ஆவணி 14, ஞாயிறு

"சார்! தாரு!"

எடுத்தேன். தெளிவு. அடுத்த தாருக்கும் தெளிவு. தறி ஓடும்போது கலங்கல். ஐயமே இல்லை.

விசாலம் கேட்டாள்: "அப்ப மொத நாளு கையில வச்சு எடுத்தீங்களே, அதுவும் தறியாலதானா?"

"ஆமாம்."

"கை இல்ல?"

"இல்லன்னு சொன்னேனே."

அவளுக்கு நிம்மதி. சாயங்காலம் பாயசம் வைத்தாள். ஏலக்காய் அதிகம்.

ஆவணி 15, திங்கள்

வேலை ஒன்றும் ஓடவில்லை. கால் தரையில் ஊன்றி, அதிர்வை வாங்கிக்கொள்ள உடம்பு நடுவில் இருக்க, கையிலுள்ள கேமரா தறி அடியால் அவ்வளவு கலங்குமா? சோதிக்காமல் "ஆமாம்" என்று சொல்லியிருக்கிறேன். பணிக்காலத்தில் எந்தக் கடைக்காரரின் படிக்கல்லையும் அப்படி விட்டதில்லை.

ஆவணி 16, செவ்வாய்

நல்ல வெயில். மேகம் இல்லை.

கேமராவை முக்காலியிலிருந்து கழற்றினேன். தனம் கூவியதும் கையில் பிடித்து நான்கு படங்கள். பிறகு விசாலத்தை அழைத்து, இன்னொருவர் எடுத்தால் எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்றேன். வாழ்நாளில் கேமராவைத் தொட்டவள் அல்லள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எங்க அமுக்கணும்? கீழ போட்டா என்ன திட்டக் கூடாது."

அடுத்த தார். அவளும் நான்கு.

என்னுடையவை: நான்கும் கலங்கல். அவளுடையவை: மூன்று தெளிவு. நான்காவதில் அவள் கட்டைவிரல்.

"ஐய, என்னுது நல்லா இருக்குதுங்க!" என்று துள்ளினாள். பிறகு என்னுடையவற்றைப் பார்த்தாள். பிறகு என்னை. "நான் எடுக்கும்போது வெளிச்சம் நல்லா வுழுந்துச்சு" என்றாள்.

வெளிச்சம் ஒன்றேதான். அதையும் அவளிடம் சொன்னேன். வேலூருக்குக் காலையில் கூட்டமில்லாத பேருந்து எது என்று கேட்டேன்.

"நான் விசாரிச்சு வச்சிருக்கேன்" என்றாள்.

தனம் சுவருக்கு அப்பாலிருந்து: "சார், எடுத்தாச்சா? போடட்டுமா?"

போடு என்றேன்.

ஆவணி 18, வியாழன்

வேலூர். மேகமூட்டம், பிறகு வெயில். காத்திருப்பு நெடுநேரம். நாற்காலிகள் உறுதியாக இல்லை.

மருத்துவர் பெண்மணி, பொறுமையானவர். கைகளை முன்னால் நீட்டச் சொன்னார். மூக்கைத் தொட்டு அவர் விரலைத் தொடச் சொன்னார். அண்ணனைப் பற்றி விசாலம் சொன்னாள், நான் தடுக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருள் ஒன்று வரையச் சொன்னார். கை நடுக்கம் இருந்தால் கோட்டில் தெரியுமாம்.

முதலில் மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மேசை அசையவில்லை.

வரைந்தேன்.