சப்பாத்துப் போட்ட பிள்ளையார்

தங்கச்சி,

நீ செத்து ஒரு வருசம்; நேற்று உன் ஆட்டைத் திவசத்துக்கு வெள்ளவத்தை வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பெயின்ட் மணம். நீ இருந்தபோது அங்கே கருகின இரும்பு மணம்தான் வரும். உன் மனுசன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதென்ன வீடா, கராஜா?" என்று கத்துவார். புதுக்கடைக் கோர்ட்டில் வாதாடுகிற பெரிய மனுசனல்லவா! விருந்தாளிகள் வந்தால் உன் இரும்புப் பொம்மைகளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, "வேலையாக்கள் விட்டிட்டுப் போன சாமான்" என்பார். தூ!

பின்வளவில் நீ பழைய இரும்புத் துண்டுகளை வெல்டிங்கில் முதலில் ஒரு பொட்டளவு மட்டும் ஒட்டி நிறுத்திவிட்டு, முகமூடியைத் தூக்கி என்னைக் கூப்பிடுவாய். "ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தாத்தான் முழுசா ஒட்டுவன்." சைக்கிள் செயினில் வால் வைத்த குரங்குக்கு நான் சிரிக்கவில்லை, அப்போதே தட்டி உடைத்தாய். கடைசியாக ஒன்றைக் காட்டினாய். பொரிக்கிற இரும்புத் தாச்சியில் தொப்பை. காதுக்கு இரண்டு மேசன் கரண்டி. எதற்குள்ளும் நுழைகிற அந்த மூக்குக்கு வளைந்த நீளக் குழாய். கோட்டுப் பொத்தானுக்கு நட்டுகள், கக்கத்தில் தகரக் கோப்பு, காலில் கூர்ச் சப்பாத்து. அசல் உன் மனுசன்! நான் சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டேன். "அக்கா, சத்தம் போடாதை, உள்ளுக்கை நிக்கிறார்" என்றபடி, நீயும் குலுங்கிக் குலுங்கித்தான் ஒட்டி முடித்தாய்.

நேற்றுப் பார்த்தால், அது ஹோல் நடுவில் நிற்கிறது. தங்கப் பெயின்ட், மாலை, முன்னால் குத்துவிளக்கு. உன் மனுசன் வந்தவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்: "கடைசியாப் பிள்ளையாரைத்தான் செய்தவ. அவ்வளவு பக்தி."

பிள்ளையாருக்குச் சப்பாத்து எதற்கென்று கேட்க அந்தப் படித்த கூட்டத்தில் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் தலையில் குட்டிக் கும்பிட்டார்கள்.

எனக்கு நாக்குத் துருதுருத்தது. உன்னை எத்தனை சபையில் குனிய வைத்த மனுசன்! "அது நீங்கள்தான்" என்று போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "மற்றக் குப்பையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தாச்சு, மச்சாள். இது சாமி எண்டபடியால் வச்சிருக்கிறன்."

பாவி! அத்தனையையும்! உண்மையைச் சொன்னால் இதுவும் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

"கும்பிடுங்கோ, மச்சாள்."

கும்பிட்டேனடி. சிரிப்பை அடக்கியதில் கண்ணீர் கொட்டியது. சனம் நான் அழுகிறேன் என்று நினைத்தது. அழவும்தான் செய்தேன். இரண்டு பேர் சிரிக்க வேண்டியதை நான் ஒருத்தியாகச் சுமக்கிறேன்.

தினமும் குளித்துவிட்டு வந்து, தன் தொப்பைக்குத் தானே பூ வைக்கிறாராம். வைக்கட்டும். நான் வாய் திறக்க மாட்டேன்.