பனிமலைக்கு முன்னால் எஞ்சினை நிறுத்துகிறவருக்கு

ஷார்ஜா,
5-9-2006.

அன்புள்ள தன்யா அப்பா அவர்களுக்கு,

ஷியாமளா எழுதுவது. நானும் தன்யாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கப்பலில் சேரப்போகும் பிலிப்பினோ சமையல்காரர் நாளைக் காலை துபாயிலிருந்து ஐஸ்லாந்துக்குக் கிளம்புகிறார். அவருடைய இந்த ஊர் விசாவைக் கேன்சல் செய்து கொடுத்தவரே நம் பக்கத்து அறை சித்தீக் பாய்தான். பேச்சுவாக்கில் அந்தச் சமையல்காரர் கப்பல் பெயரைச் சொல்லியிருக்கிறார். பாய் சாயங்காலம் வந்து, "தங்கச்சி, மாப்ளைக்கு ஏதாச்சும் குடுக்கணும்னா ராத்திரிக்குள்ள கட்டி வெய்யி" என்றார். கொஞ்சம் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிவிட்டேன். கடிதத்துக்குத்தான் இவ்வளவு நேரமாகிவிட்டது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. ஈமெயில் அனுப்பலாமே என்பீர்கள். கப்பலுக்கு மொத்தமே ஒரு ஈமெயில், அதை ஆபீஸில் திறந்து அச்செடுத்துத் தருவார்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? அந்த வழியில் அனுப்புகிற விஷயமில்லை இது.

முதலில் ஊர்ச் செய்தி. என் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திருச்சியிலிருந்து அம்மா போன் செய்து, மாப்பிள்ளை கிழக்கே பார்த்துப் படுக்கிறாரா என்று கேட்டாள். கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் படுப்பார் என்றேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். தன்யா கேஜி வகுப்பில் நன்றாகப் படம் போடுகிறாள். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. குழாயைத் திறந்தால் கொதிநீர்தான். ஏசி நின்று நின்று ஓடுகிறது. அது நிற்கும்போதெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். திரும்ப ஓட ஆரம்பித்தபிறகுதான் படுக்கிறேன். ஏன் இப்படி ஆகிவிட்டேன் என்று தெரியவில்லை. கதவைப் பூட்டிவிட்டேனா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறேன். பக்கத்து அறையில் பாயும் ஆபிதாவும் அவர்கள் பெண்களும் இருக்கும்போதே இப்படி.

ஃப்ரிட்ஜ் பழுதாகிச் சரியாகிவிட்டது. காரணம் உங்கள் பெண். அப்பா ஐஸில் இருக்கிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். (நான்தான்.) அவள் நாற்காலியைப் போட்டு ஏறி, ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களோடு பேசுகிறாள். "டாடி, டுடே ஆபிதா ஆன்ட்டி மேட் ஃபிஷ்" என்று ஆரம்பித்து, அன்றைய வகுப்புச் சண்டை வரைக்கும் சொல்லி முடிக்கிறாள். பழுதுபார்க்க வந்த மலையாளி எட்டிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இதுக்குள்ள ஆரானும் தாமசிக்குந்நுண்டோ?" என்று, உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா எனக் கேட்டார். சிரித்துவிட்டேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

உங்கள் கடிதங்கள் மூன்றும் வந்து சேர்ந்தன. திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கிரீன்லாந்துக் கரையில் அந்தச் சின்ன ஊர், வண்ண வண்ண மரவீடுகள், வருஷத்தில் இரண்டு தரம் மட்டும் சரக்குக் கப்பல் வரும் துறை, நீங்கள் கொடுத்த முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட பையன், எல்லாம் நேரில் பார்த்தமாதிரி இருக்கிறது. தாய்க்கரடியும் குட்டிகளும் பனிப்பாளத்திலிருந்து பாளத்துக்கு நீந்தியதை ஆபிதாவுக்கும் படித்துக் காட்டினேன். நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றை மட்டும் ஆபிதாவுக்குப் படித்துக் காட்டவில்லை. பனிமலைக்கு முன்னால் போனதும் கேப்டன் எஞ்சினை நிறுத்தச் சொல்வார், பயணிகள் நிசப்தத்தைக் கேட்க வேண்டுமாம், அதுதான் உங்களுக்கு எஞ்சின் ரூமிலிருந்து மேலே ஏறி வருகிற நேரம் என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பக்கத்தை. இத்தனை வருஷம் எஞ்சினை ஓட வைக்கத்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள், நிறுத்துவதற்காகக் கூப்பிட்டது இங்கேதான் என்று எழுதியிருந்தீர்கள். கடலில் மிதக்கும் ஐஸ் உருகும்போது, உள்ளே அடைபட்ட பழைய காற்று சடசடவென்று வெடிக்கும் சத்தம்கூடக் கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டே நின்றால் மனசில் ஒன்றுமே இருப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த "ஒன்றுமே" என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நீங்கள் எண்ணெய்க் கிணற்று சப்ளை படகில் வேலை பார்த்தபோது, மாதக் கடைசியில் வீட்டுக்கு வருவீர்கள். காதுக்குள் இன்னும் எஞ்சின் ஓடுகிறது என்று சொல்லிக் கட்டிலில் சாய்வீர்கள். டி.வி.யில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பீர்கள். "அப்பா தூங்கறார், சத்தம் போடாதே" என்பதுதான் தன்யாவிடம் நான் அதிகம் சொன்ன வாக்கியம். குக்கர் விசில் வந்துவிடுமோ என்று நானே ஓடியிருக்கிறேன். இந்த வீட்டில் தேடிக் கிடைக்காதது அங்கே கிடைத்துவிட்டதோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை போனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீங்கள் கூப்பிட்டபோது பாயின் சினேகிதர்கள் நாலு பேர் ஹாலில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பலிலிருந்து போன் என்றதும் மரியாதைக்குப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தட்டில் விரல் படும் சத்தம்கூட இல்லை. கப்பல் இந்த மாதக் கடைசியில் ஐஸ்லாந்திலிருந்து அப்படியே தெற்கே இறங்கி அண்டார்டிகாவுக்குப் போகிறது, அந்த சீசனுக்கும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். நாலு ஆண்பிள்ளைகள் முன்னால் நான் என்ன சொல்வேன்? "உங்களுக்குச் சரின்னு பட்டா செய்யுங்க" என்றேன். ரிசீவரை வைத்ததும், "தங்கச்சி தங்கமான புள்ள" என்றார் அவர்களில் ஒருவர். எனக்குத் தட்டோடு அந்தப் பிரியாணியைத் தூக்கிக் கொட்டலாம்போல இருந்தது.

அப்புறம்தான் பாய் விஷயத்தை விளக்கினார். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் உங்கள் விசா செத்துப்போகும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் விசாவும் தன்யாவின் விசாவும் கூடவே போகும். நீங்கள் தெற்கே போனால் அந்தக் கெடு தாண்டிவிடும். "அதுக்கு ஒரு வழி இருக்கு. நடுவுல ஒருநாள் வந்து ஏர்போர்ட்ல கால வெச்சிட்டு, பாஸ்போர்ட்ல முத்திரை வாங்கிட்டு மாப்ள திரும்பிரலாம். இங்க கம்பெனில போட்டிருக்கிற லீவ நான் பேசி நீட்டிக்கிறேன். கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றார். நல்ல மனுஷன், நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அப்படி ஒருநாள் வந்து போங்கள் என்று எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். கிழித்துப் போட்ட இரண்டு தாளும் அதுதான்.

தன்யாவைப் பற்றிய ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். கொஞ்ச நாளாக ஃப்ரீசரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். மெதுவாக நடக்கிறாள். விளையாட வரும் ஆபிதாவின் பெண்களை உதட்டில் விரல் வைத்து அடக்குகிறாள். டீச்சர்கூட, குழந்தை ரொம்ப ஒழுங்காகிவிட்டாள் என்று பாராட்டினார். போன வாரம் இட்லி ஊட்டும்போது, "நான் நாய்ஸ் பண்ணலன்னா அப்பா வந்துடுவாராம்மா?" என்று கேட்டாள். இட்லி ஆறுது, வாயைத் திற என்றேன்.

அதைப் பார்த்துத்தானோ என்னவோ, போன வெள்ளிக்கிழமை ஆபிதா எங்களையும் திப்பா கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து மரப்படகில் ஓமான் பக்கத்து மலைகளுக்கு நடுவே அழைத்துப் போகிறார்கள். பச்சை இல்லாத கல்மலை கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது, அதன் மடிப்புக்குள் தண்ணீர் போய்ப் படுத்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் வெள்ளையாக இருப்பதை இங்கே பழுப்பாக்கினால் போதும்போல. சாலையே இல்லாத ஒரு மீனவர் ஊரில் கொஞ்சநேரம் நிறுத்தினார்கள். குடிதண்ணீர்கூடப் படகில்தான் வருகிறதாம். ஆபிதாவுக்குத்தான் அரபி நன்றாக வருமே, அங்கே ஒரு அம்மாவோடு உட்கார்ந்துவிட்டாள். என்னைக் காட்டி, இவள் புருஷன் எங்கே என்று அந்த அம்மா கேட்டாராம். கப்பலில், ஆட்களுக்கு ஐஸ் மலை காட்டுகிறார் என்று ஆபிதா சொல்ல, "ஐஸைப் பார்க்கவா காசு கொடுக்கிறார்கள்? அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையா?" என்று முகத்திரைக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு, திரும்பி வருவானா என்று கேட்டார். ஆபிதா என் முகத்தைப் பார்க்காமல், வருவார் என்று சொன்னாள். அந்த அளவு அரபி எனக்கும் புரிகிறது.

திரும்பும் வழியில் படகுக்காரர் வேகத்தைக் குறைத்தார். தன்யா உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மனுஷர் திரும்பிப் பார்த்து, "க்யா பேட்டி, சுப் க்யோன்? ஷோர் கரோ!" என்று, ஏன் பேசாமல் இருக்கிறாய் என்றார். சத்தம் போட்டால்தான் டால்பின் வருமாம். கை தட்டு, விசிலடி, கத்து என்றார். அவரே பலகையைத் தட்டிக்கொண்டு விசிலடித்தார். ஆபிதா கைதட்டினாள். பாய் தொண்டையைக் கனைத்துவிட்டு "ஓய்" என்றார், ஏதோ பஸ்ஸை நிறுத்துகிறமாதிரி. தன்யா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். முதலில் சின்னதாக ஒரு கூச்சல். படகுக்கு முன்னால் ஒரு முதுகு எழுந்தது. பிறகு நாலைந்து. அப்புறம் அவளை யாரும் நிறுத்த முடியவில்லை. தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினாள். நானும் கத்தினேன் என்றால் நம்புவீர்களா? எம்.எஸ்ஸி. படித்தவள், "ஹவுஸ்வைஃப், வேலைக்கு அனுமதி இல்லை" என்று பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கியவள் நான். முக்காடு விலகியது தெரியாமல் ஆபிதாவும், அவளோடு நானும் மலை எதிரொலிக்கக் கத்தினோம். என்ன கத்தினேன் என்று கேட்காதீர்கள். உங்கள் பெயர்தான். இவ்வளவு வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஆபிதா அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் "என்ன, மாப்ள வந்தாரா?" என்று கேலி செய்கிறாள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். ஒருநாள் வந்து முத்திரை வாங்கிக்கொண்டு போனால் விசா பிழைக்கும். இந்த அறையும் ஏசியும் ஃப்ரிட்ஜும் பிழைக்கும். தன்யா வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பாள், நான் கதவைப் பூட்டினேனா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். அதற்கு எதற்கு விசா? அப்படி வருவதாக இருந்தால் வர வேண்டாம். நாங்கள் திருச்சிக்குப் போய் இருந்துகொள்கிறோம். பாயிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

நீங்கள் அங்கே சந்தோஷமாக இருக்கிறீர்கள். அது எனக்குத் தெரிகிறது, பொறாமையாகவும் இருக்கிறது. அந்தக் கடிதங்களை எழுதுகிற மனுஷரை நான் இன்னும் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியது அவர்தான். கட்டிலில் சாய்ந்து டி.வி.யைப் பார்க்கிறவர் வந்தாலும் சரிதான், பழகியவர், சமாளித்துக்கொள்வேன். ஆனால் இந்த முறை குழந்தையை அடக்க மாட்டேன். அவள் கத்துவாள், குக்கர் விசிலடிக்கும். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அமைதி தேவைப்படும்போது சொல்லுங்கள், மூன்று பேருமாகக் கடற்கரைக்குப் போய் அதைத் தேடிக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடாதீர்கள். அன்றைக்குப் போனில் சொல்ல வேண்டியிருந்தது இதுதான். ஏற்கனவே போட்டுவிட்டிருந்தால், முடியாது என்று போய்ச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள், வீட்டில் வரச் சொல்கிறாள் என்றே சொல்லுங்கள். அந்தக் கேப்டனுக்கும் ஒரு வீடு இருக்கும்.

அந்தக் கடல் இதுவரை உங்களைப் பத்திரமாக வைத்திருந்ததற்குக் கும்பிடு. இனி எங்களிடம் கொடுத்துவிடட்டும். வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவுக்குக் கண்விழித்திருக்கும்,
ஷியாமளா