பின்பக்கத்துப் போல்ட்டு

ரெட்டியார்சத்திரம்,
20-8-1961

அன்பு மகள் பொன்னழகுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சேதுபதியும் பிலாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறாள், இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இரண்டு நாள் மழையில் மல்லிகை நன்றாகப் பிடித்திருக்கிறது, ஆவணி முகூர்த்தம் என்று பூவுக்குக் கிராக்கியும் இருக்கிறது, காரியத்தைக் கெடுத்தது நம் பழைய வேன்தான். எஞ்சினுக்குப் பின்பக்கம் காலடித் தகரத்தை ஒட்டி ஒரு போல்ட்டு உண்டே, கண்ணுக்கும் தெரியாது கைக்கும் எட்டாது, அது தளர்ந்து ஆயில் ஒழுகி சைலென்சர் குழாய் மேல் விழுந்து புகைகிறது. புதன்கிழமை ஏற்றிய பன்னிரண்டு கூடையும் திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் ஆயில் நாற்றம் ஏறிவிட்டது. பூக்கடை வீரப்பன் ஒரு கூடையை மோந்து பார்த்துவிட்டு, மாமா, இத பொண்ணு தலையில வச்சா மாப்பிள்ளை மணவறைய விட்டு எந்திரிச்சு ஓடிருவான் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், கூடையை மட்டும் இறக்கவில்லை. அம்புட்டுப் பூவையும் திருப்பிக் கொண்டுவந்து எருக்குழியில் கொட்டினேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து அந்தப் போல்ட்டோடு மல்லுக்கட்டினேன். மேலே இருந்து விட்டால் கை மணிக்கட்டோடு நின்றுபோகிறது, அடியில் படுத்து விட்டால் ஸ்பேனர் போல்ட்டில் உட்காருகிறது, ஆனால் திருப்ப இடமில்லை. இரண்டு தடவை ஸ்பேனர் நழுவி உள்ளே விழுந்தது, மூன்றாம் தடவை கையே மாட்டிக்கொண்டது. உன் அம்மா விளக்கெண்ணெய் ஊற்றித்தான் வெளியே எடுத்தாள், புறங்கையில் கொஞ்சம் தோல் போயிற்று, ஆறிவருகிறது, கவலைப்படாதே. அப்போது அவள், பிள்ளை ஸ்பேனர கயித்துல கட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, செத்த திருப்பி வெளிய எடுத்து, குப்புறப் புரட்டிப் போட்டு மறுபடி செத்த திருப்புவா, நீங்க பாத்ததே இல்லையா என்று கேட்டாள். நான் எங்கே பார்த்தேன். ஆறு வருஷம் நீ அடியில் படுத்து முடுக்கும்போதெல்லாம் நான் வாசலில் நின்று யாராவது வருகிறார்களா என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரட்டிப் போட்டால் இன்னொரு பிடி கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் என் கனத்த கைக்கு அது சரிப்படவில்லை. நேற்று நாகல் நகரில் லத்தீப் பாய் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவர் காலடித் தகரத்தையே கழற்றிப் போட்டுத்தான் முடுக்கினார், அதற்கு அரை நாள் ஆயிற்று, நீ கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு வெஞ்சனத்துக்குக் காய் அரியப் போய்விடுவாய். ஆறு வருஷமா இதுல சொட்டு ஆயில் பாத்ததில்லையே, உன் கைவேலை என்னாச்சு சுருளி என்று நாலு டிரைவர்கள் நிற்கும்போது பாய் கேட்டார். முன்பெல்லாம் இப்படி யாராவது புகழ்ந்தால் தலையாட்டிக்கொள்வேன். நேற்று என்னவோ பொறுக்கவில்லை, அது என் கை இல்ல பாய், என் மக கை என்று சொல்லிவிட்டேன். பாய், அந்தப் பிள்ளைய ஏம்ப்பா அம்புட்டுத் தூரத்துல கட்டிக் கொடுத்த, எனக்கு ஒரு ஆள் வேணுமே என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உன் கடிதத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில் எஞ்சினைத் தாங்கும் கீழ்ப்போல்ட்டு தளர்ந்திருக்கிறது, சத்தத்திலேயே தெரிகிறது, நீங்கள் சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை என்று ஒரே வரி எழுதியிருந்தாய். முதல் தடவை அதை நான் தாண்டிப் போயிருக்கிறேன் பார். இந்தத் தடவை அந்த வரியை இரண்டு முறை படித்தேன். தினமும் பத்து மைல் அந்த வண்டியில்தானே வேலைக்குப் போகிறார், வேகத்தில் அது விட்டுவிட்டால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பெண் பார்க்க வந்தவர்களிடம் என் மகள் வண்டிப் பக்கமே போகமாட்டாள் என்று சொன்னவன் நான், அங்கே போய் எதையும் தொடாதே, குடும்பப் பெண்ணா என்று கேட்பார்கள் என்று ரயிலடியில் உன்னிடம் சத்தியம் வாங்கியவனும் நான். அது தப்பு தாயி. அந்தச் சத்தியம் இன்றோடு இல்லை. இந்தக் கடிதம் கண்டதும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, அதை முடுக்கும்வரை வண்டியை எடுக்கவிடாதே, கேட்காவிட்டால் பிளக்கைக் கழற்றி அரிசிப் பானையில் போட்டு வை. நான் பொய் சொன்னேன் என்று அவருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். தந்தி என்றால் நீ பதறிப்போவாய் என்றுதான் இரண்டையும் எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன்.

எஞ்சின் நன்றாக ஆறின பிறகு கை வை, அவசரப்படாதே. முடுக்கியதும் இரண்டு வரி எழுது, அதுவரை இங்கே எங்களுக்குத் தூக்கம் வராது. பழனி முருகன் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். கல்யாணத்துக்கு முந்தின மாதம் முழுக்க உன் நகக்கண்ணில் இருந்த ஆயில் கறுப்பைப் புளி போட்டுத் தேய்க்க வைத்தேனே, இனி யாருக்காகவும் அப்படித் தேய்க்காதே, சமைக்கும்போது கழுவிக்கொண்டால் போதும்.

உன் அப்பா,
சுருளிவேல்